பதின்மூன்று கண் பாலமும் தேதி தொலைந்த கேசட்டுகளும்: வின்டிவி மென்பொருள் மதிப்புரை

2016-ஆம் ஆண்டு சாரல் காலத்தில் அப்பாவின் 14 ஹேண்டிகேம் கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றி வாங்கினோம். படமும் ஒலியும் குறை சொல்லும்படி இல்லை. வட்டுகளைக் கணினியில் போட்டுக் கோப்புப் பட்டியலைப் பார்த்தபோதுதான், அக்காவின் கல்யாணம், மருமகளின் காதுகுத்து, குற்றாலக் குளியல், புனலூர் ரயில் பயணம் எனப் பல ஆண்டுகளில் நடந்தவை யாவும் 2016 ஜூலை மாதத்தின் இரண்டே நாட்களில் நடந்து முடிந்துவிட்டதாகக் கணினி சொல்லிற்று. கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்டோம். “தேதியெல்லாம் டி.வி.டி.யில வராது சார், அது கேமராவுக்குள்ள மட்டும்தான் தெரியும்” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் தெரிந்துகொள்ள எட்டு ஆண்டுகள் ஆயின. அதைக் காட்டிக்கொடுத்த, கேசட்டைக் கணினிக்கு எடுக்கும் வின்டிவி என்னும் சிறிய இலவச மென்பொருளையும், அதற்குத் துணையாக நான் வைத்துக்கொண்ட, கோப்புக்குள் தேதி எழுதும் எக்ஸிஃப்டூல் என்பதையும் பற்றியதே இந்த மதிப்புரை.

நாங்கள் இருப்பது செங்கோட்டையில். அக்காவை மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் கொடுத்திருக்கிறது. 1956 நவம்பரில் தமிழ்நாட்டோடு சேரும்வரை செங்கோட்டையும் திருவிதாங்கூராகவே இருந்ததால், இங்கே பாதிக் குடும்பங்களுக்கு உறவு மலையின் இரு புறமும் கிடக்கிறது. அப்பாவின் கேசட்டுகளிலும் பாதி அங்கே எடுத்தவை, பாதி இங்கே எடுத்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் பால்பாயிண்ட் பேனாவால் ‘ரயில் 2’, ‘கல்யாணம் – மிச்சம்’, ‘ஆரியங்காவு’ என்று எழுதி வைத்திருந்தாரே தவிர, ஒன்றிலும் ஆண்டு எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை என்று அவர் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. கேமராவில் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் தேதியும் நேரமும் திரையில் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பொத்தானுக்கு டேட்டா கோட் என்று பெயர். அப்பாவின் கேசட்டுகள் மினி டி.வி. (டிஜிட்டல் வீடியோ) வகை. அது எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் கடைக்காரர் எங்கே தவறினார் என்பது விளங்கும். (கடைகளில் ‘மினி டி.வி.’ என்று கேட்டால் சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி கேட்கிறோம் என்று நினைக்கிறார்கள். கேசட்டை நேரில் கொண்டுபோய்க் காட்டிவிடுவது நல்லது.) 1995-இல் சந்தைக்கு வந்த இந்த வகைக் கேசட், கால் அங்குல அகல நாடாவில் படத்தை எண்களாகவே பதிகிறது. நம் நாட்டில் விற்ற, ‘பால்’ (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறைக் கேமராக்கள் ஒரு நொடிக்கு 25 படச் சட்டங்களை எழுதின. ஒவ்வொரு சட்டமும் 1,44,000 பைட். படமும் ஒலியும் போக, ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் சில சிறிய பொட்டலங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் எடுக்கப்பட்ட நாள், மாதம், ஆண்டு, மணி, நிமிடம், நொடி எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆண்டுக்கு மட்டும் கடைசி இரண்டு இலக்கம்தான். ஆக, தேதி கேமராவுக்குள் இல்லை. நாடாவிலேயே, நொடிக்கு 25 தடவை எழுதப்பட்டுக் கிடக்கிறது. கேமரா அதைப் படித்துக் காட்டும் கருவி மட்டுமே.

அப்படியானால் கடைக்குப் போன கேசட்டில் தேதி எங்கே தொலைந்தது? கேபிளில். கடைக்காரர் கேமராவின் ஏ.வி. துளையிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கேபிளை எடுத்து, கணினியில் செருகும் விரல் நீளக் கேப்சர் கருவி ஒன்றில் கொடுத்திருக்கிறார். அந்தக் கேபிளில் போவது வெறும் படமும் ஒலியும் மட்டுமே. பொட்டலங்களுக்கு அதில் வழியே கிடையாது. எண்களாக இருந்த படத்தை அலையாக்கி, அந்த அலையை மறுபடியும் எண்களாக்கி, டி.வி.டி.க்காக இன்னொரு முறை சுருக்கும் இந்த வேலையில் படத்தின் தரமும் இரண்டு படி இறங்குகிறது. டேட்டா கோட் பொத்தானை அழுத்திவிட்டு ஓட்டியிருந்தால் தேதி எழுத்துகள் படத்தின் மீதே பதிந்து வந்திருக்கும். சிலர் அப்படிச் செய்து தருகிறார்கள். மணமேடையில் ஆச்சியின் முகத்துக்குக் குறுக்கே வெள்ளை எண்கள் கடைசிவரை ஓடுவதை நான் விரும்பமாட்டேன் என்றாலும், ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

சரியான வழி பயர்வயர் எனப்படும் இணைப்பு. சோனி கேமராக்களில் இதற்கு ஐ.லிங்க் என்று பெயர். சில கேமராக்களில் டி.வி. என்று மட்டும் பொறித்திருக்கும். பெயர் எதுவானாலும் 1394 என்ற எண் கொண்ட அதே தரமுறைதான். இதன் வழியே நாடாவில் உள்ள எண்கள் உள்ளபடியே கணினிக்கு வருகின்றன. எதுவும் மாற்றப்படுவதில்லை, எதுவும் உதிர்வதில்லை. கேமராவில் யு.எஸ்.பி. துளையும் இருக்கிறதே என்று பலர் அதில் செருகிப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் அது மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களுக்காகவும், தரம் குறைந்த நேரலைப் படத்துக்காகவும் வைத்தது; கேசட்டை எடுக்க அது உதவாது.

இங்கேதான் பணம் வீணாகும் ஓர் இடம் இருக்கிறது. ஒரு முனையில் பயர்வயரும் மறு முனையில் யு.எஸ்.பி.யும் உள்ள கேபிள் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. நானும் ஒன்றை வாங்கினேன். இரண்டும் வெவ்வேறு மொழி பேசும் இணைப்புகள். முனையை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டால் ஒன்றை மற்றொன்று புரிந்துகொள்ளாது. மின்னழுத்தமும் வேறு என்பதால் கேமராவின் துளையே பழுதாகவும் கூடும். நல்ல வேளையாக என் கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபிள் இப்போது பழைய சாமான் பெட்டியில் இருக்கிறது. தேவையானது, மேசைக் கணினிக்குள் பொருத்தும் பயர்வயர் கார்டு ஒன்றும், கேமரா பக்கம் நான்கு முள்ளும் கார்டு பக்கம் ஆறு முள்ளும் உள்ள கேபிள் ஒன்றும். கார்டில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு இருந்தால் தொல்லை குறைவு என்பது இந்த வேலையில் ஊறியவர்கள் சொல்வது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் சில கார்டுகளுக்கு லெகசி எனப்படும் பழைய டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். மேக் வைத்திருப்பவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ பயர்வயரை அடியோடு கைவிட்டுவிட்டது.

எனக்குக் கார்டு வாங்கும் செலவு மிச்சமாயிற்று. புனலூரில் அத்தானிடம் இருந்த பழைய மேசைக் கணினியின் பின்புறத்தில் ஆறு முள் துளை ஒன்று யாரும் தொடாமலே தூசி படிந்து கிடந்தது. “இது எதுக்குன்னு இத்தனை வருஷமா எனக்கே தெரியாது மாப்ள” என்றார் அத்தான். கேசட்டுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, அகலப் பாதையான பின் ஓடும் ரயிலில் மலையேறிப் போனேன்.

வின்டிவியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்பதே அதன் பெருமை. நிறுவ வேண்டியதில்லை, ஒரே ஒரு சிறிய கோப்பு, அதைத் தட்டினால் ஒரு சின்னச் சாளரம் திறக்கும். கேமராவை இயக்கும் நிலையில் வைத்து, கோப்பு எங்கே சேர வேண்டும் என்று சொல்லி, கேப்சர் பொத்தானை அழுத்தினால் போதும். அதன் உண்மையான வேலை அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு வரிகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பதிவு நேரத்தில் எத்தனை நொடி இடைவெளி வந்தால் புதிய கோப்பு தொடங்க வேண்டும் என்பது. இதில் 1 என்று இருந்தால், அப்பா பதிவை நிறுத்தி மறுபடி தொடங்கிய ஒவ்வோர் இடத்திலும் கோப்பு தானாக வெட்டப்படும். இரண்டாவது, கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் எந்த அமைப்பில் சேர வேண்டும் என்பது. முதலில் இருக்கும் அமைப்பு ஆண்டுக்கு இரண்டு இலக்கம் தரும். அதை நான்கு இலக்கமாகவும், நிமிடத்தோடு நொடியும் சேரும்படியும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இலக்கமாகவே விட்டால் 08-10-09 என்ற பெயரில் எது ஆண்டு எது நாள் என்று பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர் திணறுவார்.

முதலில் ‘ரயில் 2’ கேசட்டைப் போட்டேன். கேமராவுக்குள் நாடா சுற்றும் மெல்லிய சத்தம் கேட்டது. சாளரத்தில் செங்கோட்டை நிலையத்தின் நடைமேடை வந்தது. அடைவைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2008-10-19 என்று தொடங்கும் ஒரு பெயர் தோன்றியது. சில நிமிடம் கழித்து அதே நாளில் இன்னொரு பெயர். அப்பா பகவதிபுரத்தில் கேமராவை மூடித் திறந்திருக்கிறார். பிறகு குகை. அந்தக் கோப்பில் படம் முழுக்கக் கருப்பு. பிள்ளைகள் கூச்சலும் சக்கரச் சத்தமும்தான் கேட்கின்றன. ஆனாலும் டேட்டா கோடைப் போட்டுப் பார்த்தால் அந்த இருட்டுக்குள் நொடிகள் ஒன்றுவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் வண்டி வளையும்போது ஆச்சி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே சாலையைப் பார்க்கிறாள். கடையில் வாங்கிய வட்டில் இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவள் கையில் இருந்தது முறுக்குப் பொட்டலம் என்பது இப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு மணி நேரக் கேசட்டை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். அதை வேகப்படுத்த வழியில்லை. ஒரு மணிக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் பிடிக்கும். 14 கேசட் என்றால் 180 ஜி.பி.க்கு மேல். ஒரு டெராபைட் வட்டு இன்று விற்கும் விலைக்கு இதைப் பெரிய சுமை என்று சொல்ல முடியாது. விடுபட்ட சட்டங்களின் எண்ணிக்கையை வின்டிவி சாளரத்திலேயே காட்டுகிறது; அது பூஜ்யமாக இருக்கும்வரை கவலை இல்லை. எடுத்த கோப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால், பெயரில் மட்டுமல்லாமல் உள்ளேயும் பதிவுத் தேதி அப்படியே இருப்பதைக் காணலாம். பெயரை யாராவது மாற்றிவிட்டாலும் தேதி தப்பும்.

குறைகள் உண்டு. 1.2.3 பதிப்போடு இதன் வளர்ச்சி பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. விண்டோஸில் மட்டுமே ஓடும். நாடாவில் பூஞ்சை பிடித்தோ சுருங்கியோ படம் சதுரம் சதுரமாக உடைந்தால் அதைச் சரிசெய்ய இதற்குத் தெரியாது. அதே இடத்தை மறுபடி ஓட்டி நல்ல சட்டங்களைப் பொறுக்கிச் சேர்ப்பது நம் வேலையாகிவிடும். மலையடிவார ஊர்களில் ஜூன் முதல் ஈரம் விடுவதில்லை என்பதால் எங்கள் கேசட்டுகளில் மூன்றில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது; அவற்றை ஓட்டிய பிறகு கேமராவின் தலைப்பகுதியைத் துடைக்கும் கேசட்டைப் போட வேண்டியிருந்தது. உடைந்த சட்டங்களில் சில சமயம் தேதிப் பொட்டலமும் சிதைந்துவிடும். அப்போது வின்டிவி தேவையில்லாத இடத்தில் எல்லாம் கோப்பை வெட்டிவிடுகிறது. ‘ஆரியங்காவு’ கேசட்டில் இருபது நிமிடக் காட்சி நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக வந்தது. இடைவெளி எண்ணைக் கூட்டி மறுபடி எடுத்தபோது ஒழுங்காயிற்று. இந்த எண்ணைக் கூட்ட வேண்டும் என்பதை எந்த உதவிப் பக்கமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு டிவிகிராப் என்ற கட்டளைவரி மென்பொருள் இதே வெட்டலையும் பெயரிடலையும் செய்கிறது.

இனிச் சொல்லப்போவது மென்பொருளின் குறை அல்ல. ஆனால் தேதியை நம்பி இறங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டியது. ஆச்சி போனது கடைசி மீட்டர்கேஜ் ரயில் என்றுதான் எங்கள் அம்மா இத்தனை நாளும் சொல்லிவந்தாள். செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் நின்றது 2010 செப்டம்பரில். கோப்போ 2008 அக்டோபர் என்கிறது. வீட்டுக்கு வந்து காட்டியபோது, “கேமராவுக்கு என்னலே தெரியும்? நான் கூட இருந்தவ” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். கேசட்டின் பிற்பகுதியில் விடை இருந்தது. அதே நாடாவில் எட்டு நாள் கழித்து, அக்டோபர் 27 என்ற தேதியில், முற்றத்தில் பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்துகிறார்கள். 2008-இல் தீபாவளி அக்டோபர் 27-ஆம் தேதி வந்தது. 2009-இல் அது அக்டோபர் 17, 2010-இல் நவம்பர் 5. தீபாவளி ஆண்டுதோறும் நகர்வதால் கேமராவின் கடிகாரத்துக்கு அதுவே சாட்சி. பொங்கலை வைத்து இப்படிச் சோதிக்க முடியாது. எந்த ஆண்டானாலும் ஜனவரி நடுவில்தான் வரும்.

ஆனால் அம்மா சொன்னது இன்னொரு கேசட்டில் பலித்துவிட்டது. ‘கல்யாணம் – மிச்சம்’ என்று எழுதிய கேசட்டில் எல்லாக் கோப்புகளும் 2011 பிப்ரவரி என்று வந்தன. மறுவீட்டுக்குப் போகும் வழியில் அப்பா கழுதுருட்டிப் பாலத்தைப் படமெடுத்திருக்கிறார். பாலத்தின் மேல் மீட்டர்கேஜ் வண்டி போகிறது. 2011 பிப்ரவரியில் அங்கே எந்த வண்டியும் போயிருக்க முடியாது. அகலப் பாதை வேலை முடிந்து அந்த வழி முழுவதும் ரயில் ஓடியதே 2018-இல்தான். கல்யாண அழைப்பிதழைத் தேடி எடுத்தேன். விரோதி ஆண்டு தை மாதம் என்று அச்சிட்டிருந்தது. விரோதியின் தை என்றால் 2010; 2011-இன் தை விக்ருதிக்கு உரியது. பேட்டரி இல்லாமல் கேமரா பல மாதம் பீரோவில் கிடந்ததால் உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சிறிய மின்கலம் வடிந்து, அப்பா மறுபடி நேரம் வைக்கும்போது ஆண்டை ஒன்று கூட்டி வைத்துவிட்டார் என்றே தோன்றுகிறது. நாளும் மணியும் அழைப்பிதழோடு பொருந்துகின்றன. ஆண்டு மட்டுமே தவறு. கோப்புகளின் பெயரில் 2011-ஐ 2010 என்று மாற்றினேன். உள்ளே இருக்கும் பொட்டலங்களைத் தொடவில்லை. அதே அடைவில் ‘கேமரா கடிகாரம் ஓர் ஆண்டு முந்தி’ என்று ஓர் உரைக் கோப்பும் வைத்திருக்கிறேன்.

இந்தப் பெரிய கோப்புகளைக் கைபேசியில் யாரும் பார்க்கமாட்டார்கள். அக்காவுக்கு அனுப்ப எம்பி4 ஆக்க வேண்டும். அப்படி ஆக்கும்போது டி.வி. பொட்டலங்கள் போய்விடும், தேதியை எம்பி4-க்கு உரிய இடத்தில் புதிதாக எழுத வேண்டும். இங்கே எக்ஸிஃப்டூல் வருகிறது. கனடாவைச் சேர்ந்த பில் ஹார்வி 2003 முதல் எழுதிவரும் இந்தக் கட்டளைவரி மென்பொருள், கோப்பின் பெயரில் உள்ள எண்களைப் படித்து அவற்றையே தேதியாக உள்ளே எழுதவும், கோப்பின் திருத்திய தேதியை அதற்கேற்ப மாற்றவும் வல்லது. ஓர் அடைவில் உள்ள நூறு கோப்புகளுக்கு ஒரே வரி போதும். அந்த ஒரு வரியைச் சரியாக எழுத எனக்கு இரண்டு மாலைகள் ஆயின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் முயற்சியில் அக்காவின் முகூர்த்தம் கைபேசியில் பகல் 12.40 என்று காட்டிற்று. தாலி கட்டியது காலை 7.10-க்கு. எம்பி4 கோப்பில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது தரமுறை. நான் நம் நேரத்தை அப்படியே எழுதிவிட்டதால், கைபேசி அதைப் பொது நேரம் என்று எண்ணி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டது. எக்ஸிஃப்டூலில் குயிக்டைம் (எம்பி4 இதன் வழிவந்த வடிவம்) நேரத்தைப் பொது நேரமாகக் கொள் என்று ஒரு விருப்பத் தேர்வு இருக்கிறது. அதைச் சேர்த்ததும் உள்ளே 1.40 என்று எழுதப்பட்டு, வெளியே 7.10 என்று சரியாக வந்தது. மாலை ஆறரை மணிக்கு மேல் எடுத்த படங்களில் இந்தப் பிழையால் நாளே மாறிவிடும். வரவேற்பு மறுநாள் நள்ளிரவில் நடந்ததாக ஆகிவிடும்.

தேதியே எழுதாமல் விட்டால் இன்னும் வேடிக்கை. எம்பி4 தன் காலத்தை 1904 ஜனவரி 1-இலிருந்து நொடி நொடியாக எண்ணுகிறது. அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால் சில மென்பொருள்கள் 1904 என்றே காட்டும். கொல்லத்திலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் 1904-இல்தான். என் சோதனைக் கோப்பு ஒன்றில் ஆச்சி பாலத்தின் மேல் 1904-இல் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கோப்பை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

கேசட் இல்லாத கேமராக்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் நாத்தனார் தன் கேமராவின் மெமரி கார்டையும் என்னிடம் கொடுத்தாள். சோனியும் பானசோனிக்கும் 2006-இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் கோப்புகள் 00000, 00001 என்று வெறும் வரிசை எண்ணோடு எம்டிஎஸ் என்று முடிகின்றன. தேதி பெயரில் இல்லை, படத்தின் ஓட்டத்துக்குள் இருக்கிறது. கார்டிலிருந்து நேராக நகலெடுத்தால் திருத்திய தேதி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். உருவாக்கிய தேதி நகலெடுத்த நாளாக மாறிவிடும். விண்டோஸில் பலர் அந்த இரண்டாவதைப் பார்த்துவிட்டுத் தேதி போய்விட்டது என்று கலங்குகிறார்கள். நீளமான பதிவுகளைக் கேமரா பல கோப்புகளாகத் துண்டாக்கி வைத்திருக்கும் என்பதால் கார்டின் அடைவுகளை முழுசாக நகலெடுத்துவிட்டு, பிறகு எக்ஸிஃப்டூலைக் கொண்டு உள்ளிருக்கும் தேதியை எடுத்துப் பெயராக வைக்கலாம்; உட்பொதிந்த விவரங்களையும் படி என்ற தேர்வைச் சேர்க்க மறக்கக் கூடாது. சோனி கேமரா வைத்திருந்தவர்கள் அக்காலத்தில் பிளேமெமரீஸ் ஹோம் என்ற சோனியின் மென்பொருள் வழியாக எடுத்திருந்தால் பெயரிலேயே ஆண்டு முதல் நொடி வரை பதினான்கு இலக்கம் இருக்கும். அவர்களுக்கு இந்த வேலை எதுவும் இல்லை.

எல்லாரும் இதைத் தாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று கேசட்டுகள் மட்டும் இருந்தால் கடையில் கொடுப்பதே லாபம். ஆனால் கொடுக்கும் முன், பயர்வயரில் எடுப்பீர்களா, டி.வி. முறை ஏவிஐ கோப்பாகவே தருவீர்களா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எதிரில் இருப்பவர் மஞ்சள் சிவப்பு வெள்ளை கேபிளைக் காட்டினால் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். டி.வி.டி. தருகிறேன் என்றாலும் அப்படியே. பத்துக்கு மேல் கேசட் இருந்து, பயர்வயர் துளை உள்ள கணினியும் ஓடும் நிலையில் ஒரு கேமராவும் கிடைத்தால், வின்டிவியை விட எளிதான வழியை நான் இதுவரை பார்க்கவில்லை. ஓடும் கேமராதான் நாளுக்கு நாள் அரிதாகிறது. கேசட்டுகள் கெடுவதற்கு முன்பே அவற்றை ஓட்டும் கருவிகள் கெட்டுவிடுகின்றன. எங்கள் கேமராவின் மூடியும் பன்னிரண்டாவது கேசட்டுக்கு மேல் விரலால் அழுத்திப் பிடித்தால்தான் பூட்டிக்கொள்கிறது.

14-இல் 13 கேசட்டுகள் இப்போது தேதியோடு வட்டில் இருக்கின்றன. மிஞ்சிய ஒன்றின் முதுகில் எதுவும் எழுதவில்லை. அதை ஓட்டினால் டேட்டா கோட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் தெரிகின்றன. கடிகாரம் வைக்கப்படாத நேரத்தில் எடுத்தது. படமும் நொடிக்கு நொடி உடைகிறது. எல்.பி. என்னும் மெதுவேகத்தில் பதிந்த நாடா என்பதால், அது எடுக்கப்பட்ட அதே கேமராவில்தான் நேராக ஓடக்கூடும். அப்பா எங்கள் கேமரா வாங்கும் முன் சித்தப்பாவிடம் இரவல் வாங்கியிருந்த கேமரா அது. அது இப்போது ஆரியங்காவில் சித்தப்பா வீட்டுப் பரணில் இருக்கிறதாம். ஐப்பசி மழை விட்டதும் போய் எடுத்து வர வேண்டும்.